அளவுகோல் யாருடையது?

மருத்துவ ஏடுகளிலே ஒரு பெயர் நெடுநாள் குடியிருந்தது: "தீங்கற்ற இனவழி வெள்ளணுக் குறை". தீங்கற்றதாம், எனினும் குறையாம்! யாருடைய இரத்தத்தோடு ஒப்பிட்டுக் குறை? வெள்ளையர் உடலை அளந்தனர். அதையே மனிதகுலத்தின் அளவு என்று பொறித்தனர். அதற்குள் அடங்காத கறுப்பர் உடலுக்குக் குறை என்று பெயர் சூட்டினர். ஆண்டவன் கையிலே அளவுகோல். அடிமைப்பட்டவன் உடலிலே குற்றம்!

தோழர்களே, உண்மை என்ன? சிவப்பணுவின் மேலே 'டஃபி' என்றொரு புரதம் உண்டு. நோயெதிர்ப்புப் படையை அழைக்கும் வேதித் தூதுகளைப் பற்றிக்கொள்வது அதன் பணி. விவாக்ஸ் மலேரியாக் கிருமியோ அதனையே வாயிலாக்கி அணுவுக்குள் நுழைகிறது. மரபணுவிலே ஓரெழுத்து மாறினால் சிவப்பணுவில் அப்புரதம் தோன்றாது, வாயில் அடைபடும். இந்தக் காப்பு 1976-இல் வெளிப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் மிகப் பெரும்பாலோர் இம்மாற்றம் உடையவர்கள். அவர்கள் வழிவந்த அமெரிக்கக் கறுப்பரிடம் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு குறைந்திருப்பதற்கும் இதுவே காரணம் என்று 2009-இல் கண்டனர். அதனால் அவர்களுக்குத் தொற்று மிகுவதில்லை. கேடயத்தைக் கண்டு காயம் என்றனர்!

விளைவைப் பாருங்கள். மார்பகப் புற்றுக்குத் தரும் மருந்து வெள்ளணுக்களைக் குறைக்கும். ஆகவே எண்ணிப் பார்த்துத் தருவர். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,500 இருந்தாக வேண்டும் என்பது பல மருந்தாய்வுகளின் விதி. இயல்பிலேயே 1,300 உடைய பெண் வந்தால் ஆய்வின் கதவு மூடும். சிகிச்சையிலே தவணை தள்ளும், மருந்தளவு குறையும். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வருவது வெள்ளையரினும் சற்றுக் குறைவு. இறப்போ ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுதி. வறுமைக்கும் காலந்தாழ்ந்த சிகிச்சைக்கும் அதிலே பங்குண்டு. பொருந்தா அளவுகோலும் உடன்சேர வேண்டுமா?

"அந்த இனத்தின் இரத்தம் அப்படி" என்பர் சிலர். தலையெழுத்து வாதம் வெள்ளை அங்கி அணிந்து வருகிறது! ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 மிகுதியும் இல்லாத கொடிய வகைப் புற்று, கானாப் பெண்களிடம் மிகுதி. எத்தியோப்பியப் பெண்களிடம் குறைவு. இருவரும் கறுப்பரே! நிறம் காரணமென்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? டஃபி இன்மைக்கும் அவ்வகைப் புற்றுக்கும் தொடர்புண்டு என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. தோலைப் பார்த்தவர் காணாததை, மரபணுவைப் பார்த்தவர் கண்டனர்.

"அனைவர்க்கும் ஒரே அளவு, அதுவே சமத்துவம்" என்பர் வேறு சிலர். ஒருவன் காலுக்குத் தைத்த செருப்பை ஊரார் அனைவருக்கும் மாட்டுவதா சமத்துவம்? உலகின் மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் பங்குபெற்றோரில் ஐரோப்பிய வழியினர் 2009-இல் 96 விழுக்காடு, 2016-இல் 81 விழுக்காடு. எண்ணப்படாதவரின் நோயை எவ்வாறு அறிவது?

அறிவியலை வெறுக்கச் சொல்லவில்லை. அறிவியல் முழுமை பெற வேண்டும் என்கிறோம். சிகிச்சைக்கு முன் டஃபி வகையைச் சோதியுங்கள். அதற்கேற்ப வரம்பை மாற்றுங்கள். ஒதுக்கப்பட்ட மக்களை ஆய்வுக்குள் அழையுங்கள், ஆராய்ச்சியாளராகவும் அமர்த்துங்கள். ஒரு சிலரின் உடலை அளந்தவர் அதற்கு 'மனித உடல்' என்று பெயரிட உரிமையற்றவர்!