மார்ட்கேஜ்: இதில் சாவது யார்?

'மார்ட்கேஜ்னா சாகுற வரைக்கும் கட்டுற கடன்'னு ஒரு விளக்கம் சுத்திட்டு இருக்கு. கேக்க நல்லா இருக்கு, ஆனா தப்பு. பழைய பிரெஞ்சில் 'மோர்ட்' என்றால் இறந்தது, 'காஜ்' என்றால் அடமானம். இறந்த அடமானம். சாவது கடன் வாங்கினவர் இல்லை.

இங்கிலாந்து நீதிபதி எட்வர்ட் கோக் 1628-ல் வெளியிட்ட நூலில் இதற்குக் காரணம் சொல்கிறார்: பணம் கட்டலைன்னா, நிலம் கடன்காரருக்குச் செத்த மாதிரி. கட்டிட்டா, கடன் கொடுத்தவருக்கு அடமானம் செத்த மாதிரி. இன்னைக்கும் பலரும் எடுத்துச் சொல்றது இந்த விளக்கத்தைத்தான்.

ஆனா நம்ம கவனிக்க வேண்டியது இதைவிடப் பழைய அர்த்தம். 1180-களின் இறுதியில் எழுதப்பட்ட, கிளான்வில் பெயரில் வழங்கும் சட்ட நூலில் ரெண்டு வகை அடமானம் வருது. நிலத்தோட வருமானம் அசலைக் கழிச்சுட்டே வந்தா, அது உயிருள்ள அடமானம், 'விஃப் காஜ்'. வருமானத்தைக் கடன் கொடுத்தவரே எடுத்துக்கிட்டு, அசல் அப்படியே நின்னா, அது 'மோர்ட் காஜ்'. அரச நீதிமன்றம் இதைத் தடுக்கல. ஆனா நேர்மையில்லாத ஒப்பந்தம், ஒருவகை வட்டித்தொழில்னு அந்த நூலே சொல்லுது. நம்ம ஊர் ஒத்தியும் கிட்டத்தட்ட இதேதான்: வீட்டை அனுபவிக்கிறது வட்டிக்குச் சரியாப் போயிடும், அசல் அப்படியே நிக்கும்.

இப்போ உங்க வீட்டுக் கடனைப் பாருங்க. 50 லட்சம், 8.5% வட்டி, 20 வருஷம்னா மாசத் தவணை சுமார் 43,391 ரூபாய். முதல் மாசம் அதில் 35,417 வட்டிக்கே போயிடும். அசலில் குறையுறது 7,974 தான். அசல் குறையுறதால ஒருவகையில் இது உயிருள்ள அடமானம். ஆனா ஆரம்ப வருஷங்களில் மூச்சு ரொம்ப மெல்லிசாத்தான் இருக்கு.

அதனால என் கருத்து: கடனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அசல் நகருதான்னு பாருங்க. முதல் தவணையோட கூடுதலா சுமார் 8,030 ரூபாய் அசலில் கட்டினா, கடைசியில் 43,391 ரூபாய் தவணை ஒண்ணு குறையும். 15-வது வருஷத்தில் அதே தொகைக்கு இந்தப் பலன் கிடைக்காது. ஃப்ளோட்டிங் ரேட் வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டினா தனிநபருக்கு அபராதமும் கிடையாது. ஆறு மாசச் செலவுக்குக் கையிருப்பு வெச்சுட்டு, அடுத்த போனஸில் ஒரு பங்கை அசலுக்கு ஒதுக்குங்க.

ஒரு அடமானம் எப்படியும் ஒருநாள் சாகும். யாருக்கு, எப்போன்னு முடிவாகிறது முதல் அஞ்சு வருஷத்தில்தான்.