நியூட்ரினோ யாரோடு பேசும்? தேனி விவாதத்தில் கேட்காமல் விட்ட கேள்வி

உங்கள் கட்டைவிரல் நகத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஒவ்வொரு விநாடியும் அதன் வழியாகச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன. எல்லாம் சூரியனிலிருந்து வருபவை. ராத்திரியிலும் இது நிற்பதில்லை. பூமியின் மறுபக்கத்தில் நுழைந்து, கல், மண், கடல் எல்லாவற்றையும் ஊடுருவி, உங்கள் கட்டிலுக்குக் கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. நீங்கள் பிறந்த நாளிலிருந்து இது நடக்கிறது. ஒன்றும் ஆகவில்லை.

அதே நியூட்ரினோவின் பெயரைச் சொன்னாலே தேனி மாவட்டத்தில் பல ஆண்டுகளாகப் பயமும் கோபமும் கிளம்புகின்றன. பொட்டிப்புரம் அருகே போடி மேற்கு மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க, சுமார் 1,500 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. கதிர்வீச்சு வரும் என்று ஒரு பக்கம் பேச்சு. அறிவியல் புரியாதவர்கள்தான் தடுக்கிறார்கள் என்று இன்னொரு பக்கம் ஏளனம்.

என் கருத்து இதுதான்: இரண்டு தரப்பும் ஒரு எளிய கேள்வியைக் கேட்காமலே சண்டை போட்டன. எந்தத் துகளைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, ‘இது யாரோடு பேசும்?’ என்பதுதான். அதைக் கேட்டிருந்தால் தேவையில்லாத பயம் போயிருக்கும். தேவையான கவலைக்கு உரிய மரியாதையும் கிடைத்திருக்கும்.

துகள் என்பது குட்டி கோலிக்குண்டு இல்லை

பள்ளியில் விசை என்றால் தள்ளுவது, இழுப்பது என்று படித்தோம். துகள் என்றால் மனதில் வருவது ஒரு சின்னஞ்சிறு உருண்டை. ஆனால் இன்றைய இயற்பியல் சொல்லும் கதை வேறு.

அடிப்படையில் இருப்பது புலம். பிரபஞ்சத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அது இருக்கிறது. வானிலை வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வெப்பநிலை போட்டிருப்பார்கள் இல்லையா, அதுபோல வெளியின் ஒவ்வொரு இடத்திலும் புலத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்தப் புலத்தில் எழும் ஒரு சிற்றலைதான் துகள். எலக்ட்ரான் புலத்தின் சிற்றலை எலக்ட்ரான். மின்காந்தப் புலத்தின் சிற்றலை ஃபோட்டான், அதாவது ஒளி.

உங்கள் போனில் ஓடும் எலக்ட்ரானும் ஏதோ ஒரு தொலைதூர நட்சத்திரத்தில் இருக்கும் எலக்ட்ரானும் இம்மியளவும் மாறாமல் ஒரே மாதிரி இருப்பது எப்படி? இரண்டும் ஒரே புலத்தின் அலைகள். அதனால்தான்.

சரி, ஒரு துகள் இன்னொன்றைப் பாதிப்பது எப்படி? இரண்டு புலங்களுக்கு இடையே இணைப்பு இருந்தால் ஒன்றின் அலை மற்றதை ஆட்டும். இணைப்பு இல்லையென்றால், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போனாலும் தெரியாது. புளூடூத் ஸ்பீக்கர் மாதிரி. அறையில் நூறு போன் இருக்கலாம். இணைத்திருக்கும் போனின் பாட்டைத்தான் அது பாடும்.

யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை?

இயற்கையில் நமக்குத் தெரிந்த அடிப்படை விசைகள் நான்கு: ஈர்ப்பு விசை, மின்காந்த விசை, அணுக்கருவைக் கட்டிப்போடும் வலுமிக்க விசை, சிலவகைக் கதிரியக்கச் சிதைவுக்குக் காரணமான வலுக்குறைந்த விசை.

குவார்க் இந்த நான்கோடும் பேசும். புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை. எலக்ட்ரான் வலுமிக்க விசையோடு பேசாது. மற்ற மூன்றோடும் பேசும். மின்னூட்டம் என்று படித்தோமே, அது வேறொன்றுமில்லை. மின்காந்தப் புலத்தோடு ஒரு துகளுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லும் எண், அவ்வளவுதான்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி வழியாக விழாமல் இருக்கிறீர்கள். அணுவின் பெரும்பகுதி வெற்றிடம் என்றாலும் விழுவதில்லை. உங்கள் உடலில் உள்ள எலக்ட்ரான்களும் நாற்காலியின் எலக்ட்ரான்களும் மின்காந்தப் புலம் வழியாக ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற குவாண்டம் விதியும் சேர்ந்துகொள்கிறது. தொடுவது, அடிபடுவது, எரிவது, ஜீரணமாவது எல்லாமே எலக்ட்ரான்களின் இந்த விவகாரம்தான்.

இப்போது நியூட்ரினோவுக்கு வருவோம். அதற்கு மின்னூட்டம் இல்லை. எனவே மின்காந்தப் புலத்தோடு நேரடிப் பேச்சுவார்த்தையே கிடையாது. வலுமிக்க விசையோடும் இல்லை. ஈர்ப்பு விசை இந்த அளவில் கணக்கிலேயே வராது. மிஞ்சுவது வலுக்குறைந்த விசை ஒன்றுதான்.

அந்த விசை ஏன் வலுக்குறைந்தது? அதைச் சுமந்து செல்லும் டபிள்யூ, இசட் என்ற துகள்கள் மிகக் கனமானவை. ஒவ்வொன்றும் புரோட்டானைப்போல 80 மடங்குக்கும் மேல் நிறை கொண்டது. 1983-ல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் இவற்றைக் கண்டுபிடித்தார்கள். சுமப்பவர் இவ்வளவு கனமாக இருப்பதால் பேச்சு தூரம் போகாது. புரோட்டானின் அகலத்தில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் முடிந்துவிடும். நியூட்ரினோ ஒரு குவார்க்கையோ எலக்ட்ரானையோ கிட்டத்தட்ட உரசினால்தான் ஏதாவது நடக்கும். 2012-ல் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகளின் முக்கியத்துவமும் இங்கேதான் வருகிறது: டபிள்யூ, இசட் துகள்களுக்கு அந்த நிறையைத் தருவது ஹிக்ஸ் புலம்.

அதனால்தான், 1930-ல் வோல்ஃப்காங் பவுலி இப்படியொரு துகள் இருக்க வேண்டும் என்று சொல்லியும், அதைப் பிடிக்க 1956 வரை ஆனது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் பாதியையாவது நிறுத்த வேண்டுமென்றால் ஏறக்குறைய ஓர் ஒளியாண்டு தடிமனுள்ள ஈயச்சுவர் வேண்டும் என்பார்கள். ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகத்தில் 50,000 டன் தண்ணீர் இருக்கிறது. அதில் பதிவாகும் சூரிய நியூட்ரினோக்கள் நாளொன்றுக்குச் சுமார் 15.

அப்புறம் மலை எதற்கு?

“இவ்வளவு சாது என்றால் ஏன் மலையைக் குடைந்து உள்ளே ஒளித்து வைக்கிறீர்கள்?” இது நியாயமான கேள்வி. எந்த ஊர்க்காரருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பதிலும் அதே ‘யார் யாரோடு பேசும்’ கணக்கில் இருக்கிறது.

விண்வெளிக் கதிர்கள் மேலே காற்றில் மோதி மியூவான் என்ற துகள்களைக் கொட்டுகின்றன. உங்கள் உள்ளங்கை வழியாக விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் இப்போதும் அவை போகின்றன. மியூவானுக்கு மின்னூட்டம் உண்டு. எனவே வழியில் வரும் எல்லா அணுக்களோடும் பேசும். ஆய்வுக்கருவியிலும் சத்தம் போடும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முடியுமா? ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் மியூவான்களில் மிகப் பெரும்பாலானவை பாறையோடு பேசிப்பேசியே களைத்து நின்றுவிடும். நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும்.

ஆக, மலை நம்மை நியூட்ரினோவிடமிருந்து காப்பாற்றுவதற்கு அல்ல. கருவியை மியூவானிடமிருந்து காப்பாற்றுவதற்கு.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை இந்திய விஞ்ஞானிகள் வெளிநாட்டுக் குழுக்களோடு சேர்ந்து பதிவு செய்தார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பதிவானது. உலகிலேயே முதல் பதிவுகள் அவை.

பொட்டிப்புரத்தில் திட்டமிட்டதும் இயற்கையாக வரும் நியூட்ரினோவைப் பதிவு செய்யும் கருவிதான். 50,000 டன் காந்தமாக்கப்பட்ட இரும்பு. நியூட்ரினோ எப்போதாவது ஓர் இரும்பு அணுக்கருவை மோதி மியூவானை உண்டாக்கினால், காந்தப்புலத்தில் அது எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்ப்பார்கள். நியூட்ரினோவை உற்பத்தி செய்யும் முடுக்கி எதுவும் அங்கே கிடையாது. முடுக்கி இருக்கும் இடங்களில் பலத்த பாதுகாப்பு வேண்டும்தான். அதற்குக் காரணம் நியூட்ரினோ இல்லை, அங்கே சீறிப்பாயும் புரோட்டான்கள். ஜப்பானில் டோக்காய் என்ற ஊரிலிருந்து 295 கிலோமீட்டர் தள்ளியுள்ள காமியோகாவுக்கு நியூட்ரினோ கற்றையை அனுப்புகிறார்கள். அதற்காக 295 கிலோமீட்டருக்குச் சுரங்கம் வெட்டவில்லை. மண்ணுக்குள்ளேயே அது போகிறது, மேலே மக்கள் வாழ்கிறார்கள்.

“அப்போ திட்டம் சரிங்கிறீங்களா?”

அவசரப்படாதீர்கள். அதே கேள்வியை வெடிமருந்திடம் கேளுங்கள்.

வெடிமருந்து வெடிப்பது வேதிவினை. வேதிவினை என்பது எலக்ட்ரான்களின் இடமாற்றம். முழுக்க முழுக்க மின்காந்த விசையின் வேலை. அது பாறையோடு பேசும், நிலத்தடி நீர் ஓடும் விரிசலோடு பேசும், வீட்டுச் சுவரோடு பேசும், காட்டு விலங்கின் காதோடும் பேசும். சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, லட்சக்கணக்கான டன் பாறையை வெளியே எடுத்து, லாரியில் ஏற்றி, எங்கோ கொட்ட வேண்டும். தூசி நுரையீரலோடு பேசும்.

அந்த மலை மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதி. பக்கத்திலேயே கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்ததற்குக் காரணம் இந்த நெருக்கம்தான். 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுபடி அனுமதி தந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தபோது முன்வைத்ததும் புலிகளின் வழித்தடம் போன்ற காரணங்களைத்தான். இதற்கு முன் நீலகிரியின் சிங்காராவில் இடம் பார்த்தபோதும், முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி இருந்ததால் அனுமதி கிடைக்கவில்லை.

இந்தக் கவலைகளுக்கு நியூட்ரினோ சாதுவானது என்பது பதிலே இல்லை. கிணறு வற்றுமா என்று கேட்கும் விவசாயியிடம் குவாண்டம் புலக் கோட்பாடு பேசினால் அது விளக்கம் அல்ல, நழுவல். அதேபோல, புலி வழித்தடத்தைக் காக்க நினைப்பவர் நியூட்ரினோ கதிர்வீச்சு என்று பயமுறுத்தத் தேவையில்லை. பலமான வாதத்தோடு பொய்யான வாதத்தைச் சேர்த்துக் கட்டினால், எதிரில் இருப்பவர் பொய்யை மட்டும் உடைத்துவிட்டு ஜெயித்துவிட்டதாகச் சொல்லிவிடுவார். நஷ்டம் மலைக்குத்தான்.

டவருக்கும் இதே கணக்கு

இந்தக் கேள்வி தேனியோடு முடியவில்லை. உங்கள் தெருவில் செல்போன் டவர் வந்தாலும் இதையே கேட்கலாம். டவர் அனுப்புவது ஃபோட்டான். அது மின்னூட்டம் உள்ள எல்லாவற்றோடும் பேசும். நம் உடலோடும் பேசும். எனவே இங்கே இரண்டாவது கேள்வி வருகிறது: ஒவ்வொரு துகளும் எவ்வளவு ஆற்றலோடு பேசுகிறது?

5ஜி பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல், ஒரு மூலக்கூறின் பிணைப்பை உடைக்கத் தேவையானதைவிடச் சில லட்சம் மடங்கு குறைவு. மத்தியான வெயிலில் உள்ள புற ஊதா ஃபோட்டானால் டிஎன்ஏவைச் சேதப்படுத்த முடியும். டவர் ஃபோட்டானால் அப்படி உடைக்க முடியாது. அதனால் உறுதியாகச் செய்ய முடிவது சூடாக்குவது. அப்படியென்றால் மூன்றாவது கேள்வி: எத்தனை ஃபோட்டான்கள்? சக்தி வரம்பு, தூரம் பற்றிய விதிகள் அதற்காகத்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் ரேடியோ அலைகளை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்’ என்ற பட்டியலில் வைத்தது உண்மை. சான்றுகள் குறைவு என்று சொல்லித்தான் அப்படி வைத்தது. அதனால் ஆய்வு தொடரட்டும். வரம்பு மீறப்படுகிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அது குடிமக்களின் உரிமை. ‘கதிர்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஓடுவது மட்டும் வேண்டாம்.

விஞ்ஞானிகளுக்கும் நமக்கும்

அறிவியல் காத்திருக்கவில்லை. மூன்று வகை நியூட்ரினோ நிறைகளில் எது கனம், எது லேசு என்ற வரிசையைக் கண்டறிய சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025-ல் வேலையைத் தொடங்கிவிட்டது. பொட்டிப்புரம் தேடவிருந்த முக்கிய விடைகளில் ஒன்று அது. இதை நினைத்து வருத்தப்படுபவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த வருத்தத்தை ஊர் மக்கள் தலையில் கட்ட மாட்டேன்.

பெரிய திட்டம் ஒன்று ஊருக்கு வரும்போது, முதல் நாளே தமிழில் இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் கொடுக்க வேண்டும். ஒன்று, துகள் என்ன செய்யும். இன்னொன்று, கட்டுமானம் என்ன செய்யும். முதல் பட்டியலுக்கு இயற்பியல் பேராசிரியர் பதில் சொல்லட்டும். இரண்டாவதற்கு நிலத்தடி நீர், காட்டுயிர், பாறை பற்றித் தெரிந்த, திட்டத்தோடு சம்பந்தமில்லாத ஆட்கள் வேண்டும். கிராம சபையில் கேள்வி கேட்க நேரமும் வேண்டும். முதல் பட்டியலில் கிடைத்த நல்ல மதிப்பெண்ணை இரண்டாவதில் யாரும் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் ஏதோ ஒரு துகளைப் பற்றிப் பயமுறுத்தும் செய்தி வந்தால், அனுப்பியவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். இது எதனோடு பேசும்? எவ்வளவு ஆற்றலோடு? எத்தனை? பதில் தெரியாவிட்டால் அந்தச் செய்தியை ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.