அவ்வையின் பையும் ஏழாயிரம் ரூபாயும்

தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் அதியமான்கோட்டையில் இறங்குகிறவர்கள் முதலில் கோட்டையைத் தேடுவார்கள். பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அதியமானுக்கும் அவ்வைக்கும் சிலைகள் இருக்கின்றன. நெல்லிக்கனிக் கதை எல்லாருக்கும் தெரிந்ததால் அங்கே யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. செல்ஃபி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

என்னோடு வந்த நண்பர் மட்டும் நின்றார். தோளில் புதிதாக ஒரு தோல் பை. பெரிய நகரத்துக் கடை ஒன்றில் ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியதாம். உள்ளே சின்னதாக ஒரு அட்டை: 'சங்ககாலப் பாணர்கள் சுமந்த தோல் பையின் மறுபிறப்பு. முழுக்கக் கையால் செய்தது.' "அவ்வை முன்னாடி ஒரு போட்டோ எடுங்க சார், பொருத்தமா இருக்கும்" என்றார்.

எடுத்தேன். ஆனால் எரிச்சலாகத்தான் இருந்தது.

அவ்வையிடம் பை இருந்தது உண்மைதான். புறநானூற்றின் 206-ஆம் பாட்டைப் படித்துப் பாருங்கள். இதே அதியமான் பரிசு தராமல் இழுத்தடிக்கிறான். அவ்வைக்குக் கோபம். வாயில்காப்பவனைக் கூப்பிட்டு, மூட்டை கட்டியாயிற்று, கிளம்புகிறோம் என்கிறார். அங்கே வருகிறது 'கலப்பை' என்ற சொல். உழுகிற கலப்பை இல்லை. கலம் போடுகிற பை. இசைக்கருவிகளை உள்ளே வைத்து வாயைச் சுருக்கிக் கட்டுகிற பை. அது தோலா, துணியா? பாட்டில் அந்தப் பேச்சே இல்லை. இரண்டாயிரம் வருஷம் கழித்து ஒரு கடைக்காரர் அட்டையில் அச்சடித்துத் தோலாக்கிவிட்டார்!

சரி, வியாபாரம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று விடலாம். என் சண்டை வேறு.

தோல் வேலை செய்கிறவர் நிஜமாகவே புறநானூற்றில் இருக்கிறார். 82-ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. ஊரில் திருவிழா. வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி. மழை கொட்டுகிறது, பொழுது சாய்கிறது. அந்த அவசரத்தில் ஒருவர் ஊசியில் வாரைக் கோத்துக் கட்டில் பின்னுகிறார். அவர் கையின் வேகத்தைத்தான் ஒரு மன்னனின் போர் வேகத்துக்கு உவமையாகச் சொல்கிறார் புலவர். எப்பேர்ப்பட்ட பெருமை! ஆனால் அந்த ஆளுக்கு அதே பாட்டில் கொடுத்திருக்கிற பெயர் 'இழிசினன்'. கை உயர்ந்தது, ஆள் இழிந்தவன். இந்தக் கணக்கை நாம் இன்றுவரை விடவில்லை. கடைக்காரரின் அட்டையில் பாணர் இருக்கிறார், மரபு இருக்கிறது, தைத்தவர் பெயர் மட்டும் இல்லை.

'அடைப்பம்' என்று ஒரு சொல் உண்டு. ராஜாவின் வெற்றிலைப் பைக்கு அதுதான் பெயர். அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பது அரண்மனையில் ஒரு பதவி. ஊர் நாவிதரின் கத்தி வைக்கும் பைக்கும் அதேதான் பெயர். பெயர் ஒன்று, தூக்கியவர்களில் ஒருவருக்கு மரியாதை, இன்னொருவருக்குத் திண்ணையில்கூட இடமில்லை. இந்தச் சரித்திரத்தையும் அட்டையில் போடுவார்களா?

லண்டனில் செருப்புத் தைக்கிறவர்களின் சங்கத்துக்கு 1439-லேயே அரச சாசனம் கிடைத்தது. ஸ்பெயினின் கார்டோபா ஊர்த் தோலை வைத்துத்தான் அவர்களுக்குப் பெயரே. பழைய பாணிப் பை, இடுப்புப் பை என்று அங்கே இன்றைக்கு ஆசையாகச் செய்கிறவர்கள் தங்கள் பெயரைப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். நம் ஊரில்? அடையாறில் 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிக்கலாம். படித்தவர் எந்தச் சாதியானாலும் 'லெதர் டெக்னாலஜிஸ்ட்'. அதே தோலை ரோட்டோரத்தில் உட்கார்ந்து தைப்பவருக்கு மட்டும் சாதிப் பெயர்.

இப்படி எழுதினால் உடனே ஒரு கோஷ்டி வந்துவிடும். "அதனாலதாங்க சொல்றோம், அப்பன் தொழிலைப் பிள்ளை விட்டதால கலை அழியுது." வேண்டாம் ஐயா. அந்தப் படத்தை 1953-லேயே பார்த்துவிட்டோம். அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பா தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்துக்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் வந்ததும் அது போயிற்று. விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அப்படியே ஏற்க மறுத்ததும் குடும்பத் தொழில் என்ற நிபந்தனைக்காகத்தான். 2025-இல் சாதி பார்க்காமல் 25 தொழில்களுக்கென்று தனித்திட்டம் தொடங்கியது. அதில் எத்தனை பேர் வாரிசில்லாமல் ஊசி பிடிக்க வருவார்கள், பார்க்கலாம். வந்தால் நல்லது. அருந்ததியர் வீட்டுப் பிள்ளை டாக்டராகட்டும். அக்ரஹாரத்துப் பிள்ளை தோல் தைக்கட்டும். கலை அழியாது.

கோலாப்பூர்ச் செருப்பு மாதிரியே ஒன்றை 2025 ஜூனில் பிராடா கம்பெனி மிலன் மேடையில் காட்டியபோது என்ன கூச்சல்! புவிசார் குறியீடு வாங்கிய செருப்பாயிற்றே, யார் செய்தது என்று ஏன் சொல்லவில்லை என்று நாடே கேட்டது. நியாயமான கேள்வி. அதை நம்ம ஊர்க் கடையிலும் கேட்க வேண்டாமா? தைத்தவர் யார், ஏழாயிரத்தில் அவருக்கு எவ்வளவு? அப்புறம் தோலைப் பற்றியும் கேளுங்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய தோலா, குரோம் தோலா? பட்டைத் தோலுக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். குரோம் சீக்கிரம் முடிந்துவிடும். சரித்திரம் பேசுகிறவர் குரோம் தோலை நீட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். குரோம் பதனிடும் வித்தை 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

தர்மபுரி திரும்பியதும் பஸ் ஸ்டாண்ட் அருகே என் செருப்பு வார் அறுந்தது. குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெரியவர் முப்பது ரூபாய் கேட்டார். தைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் நண்பரின் பைமேல் போயிற்று. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "தொட்டுப் பாக்கலாங்களா?" என்றார். நண்பர் கொடுத்தார். பெரியவர் ஓரத்தை மடித்து, தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"கையால தெச்சதுன்னா சொன்னாங்க? இது மிஷின் தையலுங்க. ஒரு நூல் அறுந்தா வரிசையா உருவிக்கும். கைத்தையல்னா ஒரே நூலுக்கு ரெண்டு பக்கமும் ஊசி போட்டு இழுப்போம். ஒண்ணு அறுந்தாலும் அடுத்தது நிக்கும்."

"நீங்க இப்படி ஒண்ணு செஞ்சு தருவீங்களா?" என்றேன்.

"தோலு வாங்கிக் குடுங்க. நாலு நாளு ஆகும்" என்றார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு வெகுநேரம் யோசித்துவிட்டு, "நீங்களே பாத்துக் குடுங்க" என்றார்.