அப்பாவோட புல்லட்டுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்: மாத்தலாமா?

1/ வேலூர் லாங் பஜார். காலை 10 மணிக் கூட்டம். மூட்டை வண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல அப்பாவோட பழைய புல்லட் நின்னுபோச்சு. பின்னாடி ஹாரன். பதற்றத்துல அரைகுறையா ஒரு கிக் அடிச்சேன். கிக்கர் எகிறித் திருப்பி அடிச்சது. கணுக்கால் வீங்கி, டியூட்டி டாக்டர் நானே எக்ஸ்ரே வரிசையில நின்னேன். நல்லவேளை, முறிவு இல்லை.

2/ வண்டி நின்ன காரணம் கண்டன்சர். அந்தக் கால புல்லட்ல பாயிண்ட் திறக்கும்போதுதான் ஸ்பார்க் வரும். பாயிண்ட் இடைவெளி 0.35–0.40 மி.மீ. இருக்கணும். கண்டன்சர் கெட்டா பாயிண்ட் கருகும், சூட்டுல வண்டி நிக்கும்.

3/ எலக்ட்ரானிக் இக்னிஷன்ல உரசித் தேயும் பாயிண்ட் கிடையாது. காந்தம் கடக்கும்போது பிக்கப் சிக்னல் தரும், அவ்வளவுதான். ராயல் என்ஃபீல்டே பிறகு எலக்ட்ராவில் இதைத்தான் கொடுத்தாங்க. தினமும் ஓட்டுற வண்டின்னா மாத்துங்க. என் கருத்து இதுதான்.

4/ ஆனா பாதி வேலை பண்ணாதீங்க. மெக்கானிக் பாய் சொன்னது: "கிட்டைக் குறை சொல்லாதீங்க டாக்டர், எர்த்தைப் பாருங்க."

🔹 வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எர்த் பாசிட்டிவா நெகட்டிவா, முதல்ல பாருங்க. மாத்திக் கொடுத்தா கிட் அப்பவே போயிடும்.
🔹 பேட்டரி வயரைக் கழட்டிட்டு வேலையைத் தொடங்குங்க.
🔹 எர்த் வயர் பிடிக்கிற இடத்துல பெயிண்ட்டைச் சுரண்டுங்க.
🔹 நடுவுல ஃபியூஸ் கட்டாயம். முறுக்கி டேப் சுத்துறது வயரிங் இல்லை.
🔹 கடைசியா டைமிங் செக். ஸ்பார்க் சீக்கிரம் வந்தா கிக்கர் திருப்பி அடிக்கும்.

5/ முக்கியமான ஒண்ணு. ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வர்றதைப் பார்த்து கிக் அடிச்சுப் பழகினவங்களுக்கு, மாத்தின பிறகு பெரும்பாலும் அந்த முள் வழி காட்டாது. டிகம்ப்ரஸரைப் பிடிச்சு, பிஸ்டனை மேல்நிலை தாண்ட வெச்சு, முழுசா ஒரு கிக். செருப்போட வேண்டாம், ஷூ போடுங்க.

6/ வீட்டுல பேஸ்மேக்கர் வெச்சவங்க இருந்தா, இன்ஜின் ஓடும்போது காயில், பிளக் வயர் பக்கம் குனிய விடாதீங்க. ஒரு அடிக்கு மேல தள்ளியே இருக்கட்டும்.

7/ கழட்டின பாயிண்ட் பிளேட்டைத் தூக்கிப் போடாதீங்க. எங்கப்பா அதை டூல் பாக்ஸ்ல துணி சுத்தி வெச்சிருக்கார். "மிஷின் நம்பலாம்பா, ஸ்பேர் இருக்கணும்"னார். ஆஸ்பத்திரிக்கும் அதே விதிதான்.