எது எங்கள் பொக்கிஷம்?



மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசு சொன்ன சின்ன உவமை ஒன்று இருக்கிறது. ஒரே வசனம்தான். ஓர் ஆள் நிலமொன்றில் எதிர்பாராமல் புதையலைக் கண்டு, தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்து அந்த நிலத்தையே வாங்கிவிடுகிறான். ஞாயிறு பாடசாலையில் இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் புதையலை முதலில் கொண்டுபோய் நிலத்தில் வைத்தது யார்? "அந்தக் காலத்தில் வங்கி இல்லை, பிள்ளை" என்றார் ஆசிரியை. சரியான பதில்தான். ஆனால் முழுப் பதில் 2009க்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. படை வருகிறது என்று தெரிந்தால் சனங்கள் முதலில் கிடங்கு வெட்டுகிறார்கள்.

வன்னிச் சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சிப் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்தபோது எத்தனை வளவுகளில் இரவோடிரவாகக் கிடங்கு வெட்டினோம். தையல் மெசின், இறைப்பு மெசின், குத்துவிளக்கு, கிடாரம், பிள்ளைகளின் கொப்பி புத்தகங்கள் எல்லாவற்றையும் பொலித்தீனால் சுற்றி உள்ளே இறக்கினோம். கிணற்றிலிருந்து மூன்றாவது தென்னை, வேலி மூலையிலிருந்து பத்து அடி என்று அடையாளம் வைத்தோம். ஒரு மாதத்தில் திரும்பி விடுவோம் என்றுதான் நினைத்தோம். பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. சிலர் 2009 இறுதியிலேயே ஊர் திரும்பினார்கள், சிலருக்கு அதற்கு மூன்று வருடம் எடுத்தது. போய்ப் பார்த்தால் மூன்றாவது தென்னையே இல்லை.

தோண்டியவர்களுக்குக் கிடைத்தது என்ன? புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது. தையல் மெசின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சில கிடங்குகளை எங்களுக்கு முன்பே யாரோ கிளறியிருந்தார்கள். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர், பூமியில் சேர்த்து வைப்பதற்குப் பூச்சியும் துருவும் கள்ளரும் எதிரிகள் என்று சொன்னார் அல்லவா? அந்த மூன்று பேரும் எங்கள் வளவுக்கும் வந்து போயிருந்தார்கள். அவருடைய சனங்களுக்கும் இது பழக்கமான விஷயம். அவர் வளர்ந்த நாசரேத்துக்குக் கிட்டவுள்ள செப்போரிஸ் என்ற பட்டணத்தைக் கி.மு. 4இல் உரோமப் படை எரித்து, அங்கிருந்தவர்களை அடிமைகளாகக் கொண்டுபோனது என்று யோசேப்பஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கி.பி. 70இல் எருசலேம் விழுந்த பிறகு, இடிபாடுகளுக்குள் மக்கள் புதைத்து வைத்திருந்த பொன்னையும் வெள்ளியையும் படையினர் தோண்டி எடுத்ததையும், கைதிகள் காட்டிக் கொடுத்த இடங்களில்தான் கூடுதலாகக் கிடைத்ததையும் அவரே எழுதுகிறார். ஆகவே அந்த உவமையைக் கேட்டவர்கள் அதிர்ஷ்டக் கதையாக மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள். அதைப் புதைத்தவர் திரும்பி வரவில்லை என்பதும் அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

திரும்பி வராத ஒரு பெண்ணைப் பற்றி இந்த மாதம் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். இவள் வேதாகமத்தில் இல்லை. 1961ஆம் ஆண்டு, சாக்கடலுக்கு மேற்கே மலைக் குகையொன்றில் ஆராய்ச்சி செய்தவர்கள் ஒரு தோற்பையைக் கண்டெடுத்தார்கள். அதற்குள் சுருட்டிக் கட்டிய 35 பத்திரங்கள் இருந்தன. அவை பபதா என்ற யூதப் பெண்ணுடையவை. கி.பி. 132இல் உரோமருக்கு எதிரான கலகம் வெடித்து, பின்பு படை நெருக்கிக்கொண்டு வந்தபோது, பல குடும்பங்கள் அந்தக் குகைக்கு ஓடி ஒளித்திருக்கின்றன. குகைக்குள் வீட்டுத் திறப்புகள், முகம் பார்க்கும் கண்ணாடி, கம்பளி நூலுருண்டைகள், மனித எலும்புகள் எல்லாம் கிடந்தன. திறப்புகள்! பூட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.

பபதாவுக்கு எழுதத் தெரியாது. அவளுக்காக வேறொருவர் கையெழுத்து வைத்திருக்கிறார். ஆனாலும் 35 பத்திரங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். பேரீச்சந் தோட்டங்களின் உறுதிகளும் கல்யாண ஒப்பந்தமும் அதற்குள் இருந்தன. இரண்டு முறை விதவையானவள் அவள். முதற் புருஷன் இறந்தபோது ஒரு சின்ன மகன் இருந்தான். அவனுடைய பெயரும் இயேசுதான், அந்தக் காலத்தில் அது பல பிள்ளைகளுக்கு வைத்த பெயர். தகப்பனின் பணத்தைப் பார்த்துக்கொள்ள நகர சபை இரண்டு பாதுகாவலர்களை நியமித்தது. அவர்கள் பிள்ளையின் செலவுக்கு மாதம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தார்கள். திராட்சைத் தோட்டக் கூலிக்காரரின் உவமையில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒரு வெள்ளிக்காசு. அப்படியானால் ஒரு பிள்ளையின் மாதச் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் இரண்டு நாட் கூலி! போதாது என்று அவள் ஆளுநர் வரைக்கும் வழக்குக் கொண்டுபோனாள். அந்தப் பையில் கடைசியாக எழுதப்பட்ட பத்திரம் 132ஆம் ஆண்டு ஆவணி மாதத்துக்குரியது. பிள்ளையின் மூன்று மாதச் செலவுக்கு ஆறு வெள்ளிக்காசு பெற்றுக்கொண்டதற்கு அவள் கொடுத்த பற்றுச்சீட்டு. வழக்குப் போட்டு ஏழு வருடமாகியும் அதே இரண்டு காசுதான்.

நானும் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் பொலித்தீன் பையில் பத்திரங்கள் கொண்டு திரிந்தவள். இந்தப் பற்றுச்சீட்டைப் பற்றி வாசித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சென்ற லெந்து காலத்தில் எங்கள் வெள்ளிக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் பபதாவின் கதையைச் சொன்னேன். எங்கள் கூட்டத்துக்குச் சைவச் சகோதரிகளும் வருவார்கள், தையல் வகுப்பு முடிந்து அப்படியே இருந்துவிடுவார்கள். கதை முடிந்ததும் ஒருவர் கேட்டார்: "அப்ப நாங்கள் ஓடேக்க என்னத்தைக் கொண்டு ஓடினனாங்கள்?" ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். காணி உறுதி. குடும்ப அட்டை. தாலிக்கொடி. ஒருவர் அரிசிச் சாக்கை எடுக்கப் போய், அவசரத்தில் தவிட்டுச் சாக்கைத் தூக்கி வந்திருக்கிறார், அதைச் சொல்லிச் சிரித்தோம். இன்னொருவர் பால்மாவுக்காகத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த இடத்தைச் சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பொக்கிஷத்தைப் பற்றிய வசனங்களை எடுத்துக்கொண்டு, நகையில் ஆசை வைக்காதே, காணியில் ஆசை வைக்காதே என்று எங்களைப் போன்றவர்களுக்குப் பிரசங்கிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவனுக்கு ஆண்டவர் சொன்னது ஒன்று. சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் கவலைப்பட்டவர்களுக்குச் சொன்னது வேறொன்று. இவையெல்லாம் உங்களுக்குத் தேவை என்று பரம பிதாவுக்குத் தெரியும் என்றுதான் அவர்களுக்குச் சொன்னார். விதவையின் இரண்டு காசைக் காணிக்கைக்கு உதாரணமாக எடுப்பவர்கள், மாற்கு 12இல் அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை ஆண்டவர் கண்டித்திருப்பதையும் சேர்த்து வாசித்தால் நல்லது. பபதா தோட்ட உறுதியைக் கட்டிக் காத்தது பேராசையா? வங்கியில் அடைவு வைத்த காப்பை மீட்க நீங்கள் படும் பாடு பேராசையா? அந்தக் காப்பு யாருக்காக என்று கேட்டால் உங்களுக்கே பதில் தெரியும். எதை வைத்திருக்கிறோம் என்பதைவிட, யாருக்காக வைத்திருக்கிறோம் என்று கேட்டுப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. யாருக்காகவும் இல்லாமல், ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காக வட்டிக்குக் கடனெடுத்துச் செய்கிற சாமத்தியச் சடங்கு அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்காது. அதைப் பற்றி இன்னொரு மாதம் கதைப்போம்.

அன்றைய கூட்டத்துக்கு வருகிறேன். கடைசியாக இருந்த தாயொருவரின் முறை வந்தது. அவருடைய மூத்த மகன் 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் பிரிந்தவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்திலும் படத்தோடு போய் இருந்தவர். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று சொன்னவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

"நான் ஒண்டும் கொண்டுவரேல்லை. வெறுங்கையோடதான் வந்தனான்" என்றார்.

பக்கத்திலிருந்த வயதான அக்கா ஒருவர், ஓடிய நாட்களில் இவரோடு ஒரே பங்கரில் இருந்தவர், சும்மா ஞாபகத்தில் சொன்னார்: "ஏன் தங்கச்சி, இடுப்பில ஒண்டரை வயசுப் பிள்ளை இருந்ததெல்லே?"

அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள். தாயைச் சைக்கிளில் ஏற்றிப்போக வந்து, வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டையும் கேட்டுவிட்டாள்.

சகோதரிகளே, அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. ஜெபத்தோடு கூட்டத்தை முடித்தோம். தாயும் மகளும் ஒன்றும் கதைக்காமல் போனார்கள்.

அன்று இரவு லூக்கா 15ஐ எடுத்து வாசித்தேன். காணாமற் போன ஆடு, காணாமற் போன காசு, காணாமற் போன மகன். எங்கள் மண்ணின் அதிகாரம் என்று நான் எப்போதும் சொல்வது அதுதான். காணாமற் போன ஒன்றுக்காக மற்றத் தொண்ணூற்றொன்பதையும் வனாந்தரத்தில் விட்டுவிட்டுப் போகிற மேய்ப்பனைப் போலத்தான் எங்கள் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் மறந்துவிடுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்தப் படம் அவருக்குப் பொக்கிஷம்தான், அதிலே பிழையில்லை. ஆனால் அந்த அதிகாரத்தின் கடைசிப் பகுதியை நான் அவ்வளவு கவனித்ததில்லை. இளைய மகன் வந்து சேர்ந்து, வீட்டில் விருந்து நடக்கிறது. மூத்தவன் வெளியே நிற்கிறான். இத்தனை வருடம் கூடவே இருந்த எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி தந்தீர்களா என்று கேட்கிறான். தகப்பன் அவனை ஏசவில்லை. விருந்தை விட்டு எழும்பி வெளியே வந்து, அவனை வருந்திக் கூப்பிடுகிறார். இளையவனைத் தூரத்தில் கண்டபோது ஓடிய அதே தகப்பன், வீட்டோடு இருந்த பிள்ளைக்காகவும் வாசலைத் தாண்டி வருகிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று ஆண்டவர் சொல்லாமலே கதையை நிறுத்தி விட்டார்.

எங்கள் வீடுகளிலும் வாசலில் நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்ணாவின் படத்துக்கு விளக்கு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். தங்கள் பிறந்தநாளைப் பெரிதாகச் சொல்ல வெட்கப்படுபவர்கள். தாங்கள் தொலையாதது பெரிய விஷயமில்லை என்று நினைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருப்பவர்கள். ஓடுகிற நேரத்தில் தாய் தன் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பாரமாக எண்ணவில்லை, தன் உடம்பின் ஒரு பாகமாகவே எண்ணியிருப்பாள். அதனால்தான் வெறுங்கை என்று சொல்ல வந்திருக்கும். எனக்கு அப்படித்தான் படுகிறது. ஆனால் அதைப் பிள்ளைக்கு யார் சொல்லுவது?

இதை அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது என்று அந்தக் கிழமை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கூட்டத்துக்கு வரவில்லை. அந்த அக்காவிடம் சொல்லி விட்டிருந்தார்: மகளின் பாடசாலையில் பரிசளிப்பு விழாவாம், முன்வரிசையில் இருக்க வேணுமென்று வெள்ளனவே போய்விட்டாராம்.