அழைப்பிதழும் அச்சுக்கோப்பவரும்

தமிழ் நூல் ஒன்றையேனும் விலைகொடுத்து வாங்காத இல்லங்கள் நம் நாட்டில் உண்டு. திருமண அழைப்பிதழ் ஒன்றையேனும் அச்சிடாத இல்லம் அரிது. ஒரு குடும்பத்தின் பெயரால் அச்சேறிய தமிழ் ஊரெங்கும் சென்று சேர்வது பெரும்பாலும் அந்த ஒரு முறைதான். ஆகவே அழைப்பிதழின் தமிழ் எவ்வாறு இருக்கிறது, அதனை யார் பார்வையிடுகிறார் என்னும் வினா, தமிழ்த்துறையினராகிய நமக்கு உரிய வினாவே. முன்னர் அதனைப் பார்வையிட்டவர் ஈய எழுத்துகளைக் கோத்த அச்சுக்கோப்பவர். அவர் சென்றபின் அவ்விடம் வெற்றிடமாகவே கிடக்கிறது என்பது நம் கருத்து.

ஆரணியை எடுத்துக்கொள்வோம். கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இவ்வூரும், தேவிகாபுரம் முதலிய சுற்றுப்புற ஊர்களும் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றவை. பட்டெடுப்பதும் பத்திரிகை அடிப்பதும் கலியாண வேலைகளில் அடுத்தடுத்து வருபவை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் தறிக்கு ஓய்வில்லை. அச்சகத்து டிரெடில் பொறிக்கும் ஓய்வில்லை. ஆடியிலும் மார்கழியிலும் இரண்டும் தளர்ந்துவிடும். நம் இல்லங்களில் ரமளானில் நிக்காஹ் வைப்பது அரிது என்பதால் அம்மாதமும் அவ்வாறே. இரண்டு தொழில்களும் ஒரே நாட்காட்டியில் உயிர்வாழ்ந்தவை.

இரண்டுக்கும் பிழை பற்றிய அச்சமும் ஒன்றே. ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தவறினால் அப்பிழை பூவுக்குப் பூ திரும்ப வரும். சேஸில் முடுக்கிய பக்கத்தில் ஓர் எழுத்துத் தவறினால் அது ஐந்நூறு அழைப்பிதழிலும் வரும். ஆனால் நெசவாளர்க்குச் சட்டத்தின் துணை ஓரளவேனும் கிடைத்தது. சில துணிவகைகளைக் கைத்தறிக்கே உரியவையாக ஒதுக்கி 1985இல் நடுவணரசு சட்டம் இயற்றியது; ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அச்சுக்கோப்பவர்க்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவர் அரவமின்றிப் போனார்.

அவர் செய்த பணி யாதெனில், எழுத்தறைகள் நிறைந்த பெட்டியின் முன் நின்று, இடக்கையில் ஸ்டிக்கைப் பிடித்து, வலக்கையால் ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோப்பது. ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த அவ்வெழுத்துகளின் முகம் கண்ணாடியில் காண்பதுபோல் திரும்பியிருக்கும். வரியையோ தலைகீழாகவே படிக்க வேண்டும். ஆங்கிலத்துக்குச் சில பத்து அறைகள் போதும். தமிழில் உகர ஊகார வரிசைகளுக்கு மட்டும் முப்பத்தாறு தனி வார்ப்புகள் வேண்டும். கிரந்த எழுத்துகள் வேறு. பிற அழைப்பிதழ்களில் அதிகம் தேவைப்படாத 'ஹ' என்னும் எழுத்து, ஓர் இஸ்லாமிய அழைப்பிதழைக் கோக்கும்போது விரைவில் தீர்ந்துவிடும். இரு வீட்டாரின் பெயர்களையும் நிக்காஹ் என்ற சொல்லையும் கோத்து முடிப்பதற்குள் அந்த அறை காலியாகிவிடுவதில் வியப்பில்லை!

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. 1935இலேயே பெரியார் தம் 'குடிஅரசு' இதழில் தொடங்கிவைத்தது அது. மாறியவை பதின்மூன்று எழுத்துகள் என்று வகுப்பில் சொல்கிறோம். அச்சுப்பெட்டியின் கணக்கோ வேறு. ணா, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்கள் மூன்று. துதிக்கை கொண்ட ணை, லை, ளை, னை நான்கு. ஆக ஏழே வார்ப்புகள். ஒகர ஓகார வரிசையில் மாறிய ஆறும், கொம்புக்குப்பின் அந்த மூன்று வார்ப்புகளையே வைத்துக் கோக்கப்பட்டவை. அரசாணை ஒருநாளில் வரலாம். விலைகொடுத்து வாங்கிய ஈயத்தை அச்சக உரிமையாளர் ஒருநாளில் தூக்கி எறிவாரா? எழுத்துச் சீர்திருத்தம் மக்களிடம் எவ்வளவு வேகத்தில் சென்றது என்பதை ஆராய விரும்பும் மாணவர், அரசிதழை விட்டு அக்காலத்துக் கலியாணப் பத்திரிகைகளைத் தேடுவது நலம்.

அழைப்பிதழின் வாசகம் ஏன் எங்கும் ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்கும் விடை அச்சகத்திலேயே உள்ளது. 'அன்புடையீர்' என்று தொடங்கி, 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று முடியும் பகுதியை ஒருமுறை கோத்துக் கட்டி வைத்துவிடுவர். அடுத்தவர்க்குப் பெயரும் நாளும் இடமும் மட்டுமே மாறும். (முந்தைய வீட்டின் தாய்மாமன் பெயர் அப்படியே தங்கிவிடும் ஆபத்தும் இதில் உண்டு.) அந்த நிலையான வாசகத்தில் பிழை நேர்ந்தால் அது ஓர் ஊரின் பிழையாகவே ஆகிவிடும். நல்ல அச்சுக்கோப்பவர் கோத்து வைத்தால் அதுவே ஓர் ஊரின் நடையாகும்.

நல்லவர் என்று யாரைச் சொல்கிறோம்? 'திருவளர்செல்வன்' என்பது வினைத்தொகை, ஒற்று மிகாது. 'தீன்குலச் செல்வி' என்பதில் குலம் என்னும் சொல்லின் மகர ஈறு கெட்டு ஒற்று மிகும். இவ்விதியைப் பயிலாமலே, பல்லாண்டுப் பழக்கத்தால் கையே அறிந்து முன்னதில் 'ச்' வையாமலும் பின்னதில் வைத்தும் கோத்தவர் அவர். இன்று நமக்கு வரும் அழைப்பிதழ்களில் 'திருவளர்ச்செல்வன்' மிகுதி. 'திருநிறைச்செல்வி' அதனினும் மிகுதி. தமிழ் முதுகலை பயின்றோர் இல்லத்து அழைப்பிதழ்களும் இதற்கு விலக்கல்ல என்பதை வருத்தத்துடன் எழுதுகிறோம்.

சிற்றூர் அச்சகங்களில் அரபு எழுத்து வைத்திருப்போர் அரியர். எனவே பிஸ்மில்லாஹ்வைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து, மரக்கட்டையில் ஏற்றித் தலைப்பில் வைத்தனர். தாள் காலடியில் விழுந்துவிடுமோ என்று அஞ்சியோர் 786 என்னும் எண்ணோடு நிறுத்திக்கொண்டனர். எஞ்சியது முழுதும் தமிழே. நம் சமுதாயத்தின் அச்சுத்தமிழ் நெடிய வரலாறு உடையது. ஓலையில் இருந்த சீறாப்புராணத்தைப் புலவர் நாயகம் 1842இல் அச்சேற்றினார். அந்நூற்றாண்டின் தமிழ் நூல் முகப்புகளில், இன்னாரால் பார்வையிடப்பட்டு, பிழையறப் பரிசோதிக்கப்பட்டு என்று எழுதும் வழக்கம் பரவியிருந்தது. பிழைக்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் முகப்பிலேயே நின்றார். அழைப்பிதழின் அடியில் பொடி எழுத்தில் நின்ற அச்சகப் பெயரும் அத்தகையதே. பிழை கண்டவர் எங்கே சென்று கேட்பது என்பதை அது சொல்லிற்று.

பின்னர் ஆப்செட் வந்தது, கணினி வந்தது. சிவகாசியில் பலவண்ணத்தில் அச்சிட்ட வெற்று அட்டைகள் ஆல்பமாக வந்து, உள்ளூரில் வாசகம் மட்டும் ஏறியது. இன்று படமாகவே கைப்பேசியில் அழைப்பு வந்துவிடுகிறது. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. எஞ்சிய டிரெடில்கள் ரசீதுப் புத்தகத்துக்கு எண் இடவும், துளையிடவும், அட்டை வெட்டவும் பயன்படுகின்றன.

பழைய முறை திரும்ப வேண்டும் என்று நாம் கோரவில்லை. நாளெல்லாம் நின்ற கால்களோடும், ஈயம் படிந்த விரல்களோடும், சிறு கூலிக்கு உழைத்த அவரைப் பாராட்டிப் பேசுவது நமக்கு எளிது. அவர் தம் மக்களை அத்தொழிலுக்கு விரும்பி அனுப்பியிருப்பாரா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் கைப்பிழைகளும் குறைவல்ல. நாம் சொல்வது ஒன்றே. அன்று, கோத்தவர் ஒருமுறை, மெய்ப்பு எடுத்தவர் ஒருமுறை, வீட்டுப் பெரியவர் ஒருமுறை என மூன்று பார்வைகள் இருந்தன. இன்று கைப்பேசியில் வந்த வாசகத்தை வெட்டி ஒட்டிவிட்டு 'ஓகே' என்று பதில் அனுப்புவதோடு பார்வை முடிந்துவிடுகிறது.

இதனை வெறும் ஒற்றுப் பிழை என்று தள்ள இயலாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இல் வந்தபின் எல்லாச் சமயத்தாரும் திருமணத்தைப் பதிய வேண்டியவராயினர். பதிவுக்குக் காட்டும் சான்றுகளுள் அழைப்பிதழும் ஒன்று. அதில் பாத்திமா, பள்ளிச் சான்றில் ஃபாத்திமா, ஜமாஅத் பதிவேட்டில் பாத்திமா பீவி. எழுத்தர் எழுப்பும் ஐயத்துக்கு விடைசொல்லி அலைபவள் மணப்பெண்ணே அன்றோ? அழகிய அட்டைக்குப் பொருள் செலவிடும் தந்தையர், மகளின் பெயரைச் சான்றிதழோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கக் கால்மணி நேரம் செலவிடலாகாதா?

தமிழ்த்துறைகள் இதில் ஒரு பொறுப்பை ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறோம். வாரத்தில் ஒருநாள் மாலை, ஊரார் எவரும் தம் அழைப்பிதழின் மெய்ப்பைக் கொண்டுவரலாம். ஆசிரியர் ஒருவரும் மாணவர் இருவரும் அமர்ந்து கட்டணமின்றித் திருத்தித் தரலாம். நன்னூல் புணரியலை வகுப்பில் படித்தோர்க்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. ஜமாஅத்துப் பெரியோர் நிக்காஹ் நாள் குறிக்கும்போதே இதனை நினைவூட்டினால் போதும். 'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' இரண்டனுள் எது சரி என்னும் வழக்கை மட்டும் மாணவர் முன்னிலையில் ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளாதிருப்பாராக, மணநாள் கடந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஆரணியிலும் வேறு ஊர்களிலும் மூலையில் கிடக்கும் எழுத்துப் பெட்டிகள் எடைக்குப் போகுமுன், ஒரு பெட்டியையேனும் விலைக்கு வாங்கித் துறையில் வைக்க வேண்டும். அந்த ஏழு பழைய வார்ப்புகளும் அதில் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்து வாங்குதல் நன்று. உடன், நம் இல்லங்களில் பெட்டியடியில் கிடக்கும் பழைய அழைப்பிதழ்களை மாணவர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவரட்டும். ஆண்டும் ஊரும் அச்சகப் பெயரும் குறித்து அடுக்கி வைப்போம்.