மணியின் நாவைக் கட்டிய தேர்

இலக்கியம் பேசும் இடத்தில் ஒரு டீசல் காரைப் பற்றி எழுதுவதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். தேரை விலக்கிவிட்டு முல்லைத் திணையைப் பேச முடியாது என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருபவன் நான். கண்முன்னே ஓடும் தேரைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் இருப்பது நேர்மையாகுமா?

சென்ற மாதம் பள்ளித் தோழர் ஒருவர் சேலத்தில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். திருச்செங்கோட்டுக்காரர்; ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழில். "வாத்தியாரே, நாமக்கல் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். நீயே ஓட்டு" என்று சாவியை நீட்டினார்.

வண்டி, மெர்சிடிஸ் பென்ஸ் சி.எல்.எஸ். 300டி. கதவு நான்கென்றாலும் பின்புறம் சரிந்திறங்கும் கூரையால் கூப்பே என்றே அழைக்கப்படுவது. இந்தியாவுக்கு 2018ன் இறுதியில் வந்தது. இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின், 245 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இவை கம்பெனி தந்த கணக்கு. தோழர் அதைப் பழைய வண்டியாக வாங்கி, ஓர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, எஞ்சினை ஆளும் கணினியின் நிரலை மாற்றி எழுதச் செய்திருக்கிறார். இப்போது எவ்வளவு என்று கேட்டேன். "நிறைய" என்று சிரித்தார்.

சீலநாயக்கன்பட்டியைக் கடந்து மல்லூர்ப் பக்கம் சாலை நீண்டு விரிந்ததும் அந்த 'நிறைய'வின் பொருள் விளங்கியது. பெட்ரோல் வண்டி உச்ச சுழற்சியில் கூவிக்கொண்டு வேகமெடுக்கும். இது அப்படியல்ல. மிதியை அழுத்தினால் முதலில் ஒரு நொடி தயக்கம். டர்போ காற்றை இழுத்துக்கொள்ளும் நேரம் அது. பிறகு கீழிருந்து ஒரு தள்ளல். யாரோ முதுகுக்குப் பின்னால் இரு கைகளையும் வைத்துத் தள்ளுவது போல. அறுபதிலிருந்து நூறுக்கு முள் ஏறியதை நான் கண்ணால் பார்க்கவில்லை, வயிற்றால் உணர்ந்தேன். வளைவுகளில் மூக்கின் கனம் தெரிகிறது. ஆனால் நேர்ச்சாலையில் இடப்புறம் வந்துகொண்டிருந்த போதமலை திடீரென்று பின்னால் போய்விட்டது. மகிழ்ந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. வேகத்தின் இன்பம் தமிழனுக்கு அந்நியமானதன்று. பாகனை விரைந்து ஓட்டச் சொல்லும் தலைவன் நம் பாடல்களில் எத்தனை முறை வருகிறான்!

ஆண்டகளூர்க்கேட்டில் வேகம் குறைத்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு பழைய லாரி கரும்புகையைக் கக்கியபடி ஏறிச் சென்றது. பேருந்துக்கு நின்றிருந்த மாணவிகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அப்போதுதான் தோழர் சொன்னார்: "இதுல புகைய வடிகட்டற ஃபில்டர் ஒண்ணு இருக்கு. அடிக்கடி அடைச்சுக்குது. அதையும் கழட்டிட்டா இன்னும் பறக்கும்கறாங்க. சவுண்டும் கெத்தா வருமாம்."

ஃபில்டர் ஏன் அடைத்துக்கொள்கிறது? டீசல் எஞ்சினின் வலிமை ஊற்றும் எரிபொருளின் அளவில் இருக்கிறது. வலிமை வேண்டுமென்றால் கூடுதலாக ஊற்றவேண்டும். அதற்கு ஈடான காற்று கிடைக்காத கணங்களில் டீசல் முழுதும் எரியாமல் கரியாகிறது. நம் பக்கத்து மெக்கானிக்குகள் லாரியின் டீசல் பம்ப் திருகைத் திருப்பிச் செய்துவந்த அதே வேலையைத்தான் இன்று மடிக்கணினி செய்கிறது. வித்தையில் புதுமையில்லை, வேறுபாடு அந்த ஃபில்டர் மட்டுமே. அதையும் கழற்றிவிட்டால், எண்பது லட்சத்து வண்டியும் முன்னால் போன லாரியும் ஒன்றே.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் வகைப்படுத்திவிட்டது. வண்டியைக் கம்பெனி வடிவமைத்த நிலையிலிருந்து மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொன்னது. சட்டம் பேசினால் தோழர் சிரிப்பார். "கம்பெனிக்காரனே பண்ணலையா?" என்பார். உண்மைதான். ஃபோக்ஸ்வாகன், சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் நிரலை உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி வண்டிகளில் வைத்திருந்தது 2015ல் வெளிப்பட்டது. ஆனால் ஒருவர் செய்த களவு இன்னொருவருக்கு உரிமையாகிவிடாது.

லாரிக்காரரை விட்டுவிட்டுக் கார்க்காரரைக் கேட்பது நியாயமா என்றும் கேட்கலாம். லாரியின் புகை நல்லதென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது முட்டையையும் மரவள்ளிக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு போகிறது; அதற்கொரு வயிறு காரணமாக நிற்கிறது. எங்கள் ஓட்டத்துக்கு எங்கள் மகிழ்ச்சியைத் தவிர வேறு காரணமில்லை. தேவைக்காக ஓடுவோரைக் காட்டிலும் இன்பத்துக்காக ஓடுவோருக்கே பொறுப்பு அதிகம் என்பது என் கருத்து.

அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் ஒரு தேரைக் காட்டுகிறார். மழைக்காலம். வினை முடித்த தலைவன், காத்திருக்கும் மனைவியிடம் விரைந்து திரும்புகிறான். அவனைவிட வேகத்துக்கு நியாயம் உள்ளவன் யார்? ஆயினும் பூந்தாது உண்ணும் வண்டுகள் தம் துணையோடு இருக்க, தேர்மணியின் ஓசை அவற்றைக் கலைத்துவிடுமோ என்று அஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். தேரை நிறுத்தவில்லை. வேகத்தையும் குறை சொல்லவில்லை. வழியில் இருப்பவற்றை எண்ணிப் பார்த்தான், அவ்வளவே.

அந்த ஃபில்டர்தான் இந்தத் தேரின் கட்டப்பட்ட நா.

நாமக்கல் கோட்டைப் பாறை கண்ணில் பட்ட இடத்தில் தேநீருக்கு நின்றபோது இந்தப் பாடலைத் தோழருக்குச் சொன்னேன். பள்ளியில் தமிழ்ப் பாடத்தின்போது உறங்கியவர், முழுவதும் கேட்டார். "வண்டுக்காகவா கட்டினான்?" என்றார். ஆமாம் என்றேன். கண்ணாடிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சரி, பார்க்கலாம் வாத்தியாரே" என்றார். திரும்பும் வழியில் அவரே ஓட்டினார். ஆண்டகளூர்க்கேட் நிறுத்தத்தை மெல்லத்தான் கடந்தார்.